இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்களுக்கு ஓட்டும் சம சம்பளமும் யாரு வாங்கிக் குடுத்தது?

ஹட்டன்காரன்: நேத்து பஸ்ல ஒரு தங்கச்சி, மலையகப் பொண்ணுங்க போராடித்தான் உரிமை எடுத்தாங்கன்னு பேசிட்டு வந்துச்சு. 1931ல 21 வயசானவங்களுக்கு ஓட்டு வந்தப்ப அதக் கேட்டது கொழும்பு சீமாட்டிங்க, 1984ல சம சம்பளம் பேசுனது யூனியன் தலைவர்மாரு. நம்ம பொம்பளைங்க எங்க போராடுனாங்க? கோவிக்காம சொல்லுங்க.

கொழுந்துக்கூடை: கோவம் வராம எப்டிண்ணே. ஆட்சி முறைய மாத்துறத பத்தி விசாரிக்க வெள்ளக்காரன் அனுப்புன டொனமூர் கமிஷன்ல, தோட்டத்து இந்தியத் தமிழ் பொம்பளைங்களுக்கும் ஓட்டு வேணுமான்னு கேட்டதுக்கு, கட்டாயமா, அவங்களும் பொம்பளைங்கதானேன்னு சொன்னது ஆக்னஸ் டி சில்வா. அந்தம்மாவுக்கு ஒரு கும்புடு. ஆனா தொழிலாளிங்க கூடுன எடத்துல பாட்டுப் பாடி ஆள் சேத்த மீனாட்சியம்மாவ, அதான் தோட்டத்துல மொதல்ல யூனியன் கட்டுன நடேசய்யரோட சம்சாரம், ஏன் மறந்துட்டீங்க? தொரை, அதான் தோட்ட மேனேஜர், அனுமதி இல்லாம வெளியாளு தோட்டத்துக்குள்ள கால் வைக்க முடியாத காலம் அது.

பதுளை மாமா: பாட்டுப் பாடுனா உரிமை வந்துருமா? 1948ல பிரஜாவுரிமைய புடுங்குனான், அடுத்த வருசம் ஓட்டும் போச்சு, ஆம்பள பொம்பளன்னு பாத்தா புடுங்குனான்? 2003 வரைக்கும் நாடில்லாம கெடந்தவங்க இருந்தாங்க. இது இனப் பிரச்சின தாயி.

கொழுந்துக்கூடை: ரெண்டும்தான் மாமா. அதே மலை, அதே மழை, ஆனா 84 வரைக்கும் பொம்பளைக்கு நாள் சம்பளம் கொறவு. ஏப்ரல் ஸ்ட்ரைக்ல மேசையில பேசுனது தலைவருங்கதான், யாரு இல்லன்னா, ஆனா மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன் பயந்தது எங்க கூடைக்கு. அதுக்கப்புறமும் சம்பள நாள்ல அம்மா பேர வாசிச்சா அப்பாதான் போயி கைநாட்டு போட்டு வாங்குவாரு, அம்மா வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருக்கும்.

ஹட்டன்காரன்: அது குடும்ப விசயம். (எங்க வீட்லயும் அப்டித்தான், சரி.) இப்பதான் நாள் சம்பளம் எல்லாருக்கும் ஒன்னுதானே, இன்னும் என்ன கொற?

டீச்சரம்மா: நேரத்த பாருங்க. கவ்வாத்து வெட்டுறவரு, அதான் தேயிலைச் செடிய கத்தரிக்கிறவரு, கணக்க முடிச்சுட்டு பகலுக்கே எறங்கிருவாரு, கொழுந்தெடுக்குறவங்க அந்தி நிறுவை வரைக்கும் நிக்கணும், கிலோ கொறஞ்சா அரைப்பேரு, அரை நாள் சம்பளந்தான். அதுலயும் கொழுந்துல இருக்குற ஈரத்துக்குன்னு கொஞ்சம் எடைய கழிச்சுருவாங்க. சம்பளம் சமம், நாள் சமமா?

பதுளை மாமா: கவ்வாத்துக் கத்திய புடிச்சுப் பாத்துட்டு பேசு தாயி, முதுகு விட்டுப் போகும்.

கொழுந்துக்கூடை: முதுகு போனவரு வந்து படுத்துருவாரு மாமா, அட்டை கடிச்ச காலோட வந்து ரொட்டி தட்டுறது யாரு?

பதுளை மாமா: அதுக்கு பதில் இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா 2024ல எங்க பதுளையில அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவுல கலைச்செல்வியும் பார்லிமென்ட் போனாங்களே, எங்க ஓட்டுந்தான் சேந்து போச்சு.

டீச்சரம்மா: 1931லேர்ந்து 93 வருசம் மாமா!

ஹட்டன்காரன்: இப்பதான் அம்மாகிட்ட கேட்டுட்டு வந்தேன். ஸ்ட்ரைக் எத்தன நாளுன்னு ஞாபகம் இல்லையாம், லயத்து வீட்டு வரிசையில ரொட்டி மா தீந்து பலாக்கொட்டை அவிச்சு சாப்ட்டது மட்டும் ஞாபகம் இருக்காம். மாதர் சங்கத் தலைவி அப்ப யாரும்மான்னேன். நாந்தான்டா, மீட்டிங்ல கதிரை போட மாட்டானுங்க, நின்னுக்கிட்டே இருப்பேன்னுச்சு. இத்தன வருசமா எனக்கு இது தெரியாது.