மறு: காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் மூன்றுக்கும் 'மெருகூட்டி'யா?

வணக்கம் நண்பர்களே, கார் பெயிண்டைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் சாமான்களுக்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் பேச்சுக்கு என் பதில் இது.

> மூன்றுமே காரைப் பளபளப்பாக்கத்தான். 'மெருகூட்டி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாமே?

முடிக்க முடியாது ஐயா. ஊட்டுவது என்றால் ஒன்றைக் கொடுப்பது. காம்பவுண்ட் எதையும் கொடுப்பதில்லை, எடுக்கிறது. மாவு போன்ற தேய்பொருள் கலந்த குழம்பு அது, கீறலின் ஆழம் வரைக்கும் சுற்றியுள்ள பூச்சையே தேய்த்துத் தாழ்த்திவிடும், அதனால்தான் கீறல் மறைகிறது. பாலிஷும் அதே வேலைதான், இன்னும் நைசாக. வாக்ஸ் ஒன்றுதான் உண்மையில் எதையாவது மேலே பூசுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நானே பலி. சில வருடங்களுக்கு முன் என் பழைய சிவப்புக் காருக்கு 'பாலிஷ்' என்று நினைத்து ஒரு டப்பா வாங்கி, டிரில்லில் கம்பளி வட்டை மாட்டி, மத்தியான வெயிலில் பானெட்டின் மேல் ஓட்டினேன். நடுவில் நன்றாகத்தான் வந்தது, மடிப்பு விளிம்புக்குப் போனதும் ஒரு விரல் நீளத்துக்குச் சாம்பல் நிற பிரைமர், அதாவது நிறத்துக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு, எட்டிப் பார்த்தது. டப்பாவை அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன், காம்பவுண்ட் என்றே போட்டிருந்தது. விளிம்பில் பூச்சு எப்போதும் மெலிவு என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

நிறத்தின் மேல் இருக்கும் நிறமில்லாத மேல்பூச்சு (கிளியர் கோட்) பெரும்பாலான கார்களில் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியின் தடிமனை விடக் குறைவு. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதில் கொஞ்சம் போகிறது, திரும்ப வராது. எனவே எடுப்பதற்கு ஒரு சொல், பூசுவதற்கு வேறு சொல் வேண்டும் என்பது என் பிடிவாதம். தச்சர் பலகையை இழைக்கிறார், சந்தனத்தைக் கல்லில் இழைக்கிறோம். இரண்டிலும் பொருள் தேய்கிறது. ஆகவே காம்பவுண்டுக்கு இழைகுழம்பு, பாலிஷுக்கு மெருகுக்குழம்பு, வாக்ஸுக்கு காப்புமெழுகு. (சில வாக்ஸிலும் தேய்பொருள் கலந்து விற்கிறார்கள், அதையெல்லாம் இந்தப் பெயரில் சேர்க்காதீர்கள்.)

> 'ஒப்பமிடுதல்' என்ற பழஞ்சொல் இருக்கிறதே?

மெருகேற்றுவதற்கு அழகான சொல், எனக்கும் ஆசைதான். ஆனால் 'காருக்கு ஒப்பமிட்டேன்' என்றால் ஆர்டிஓ ஆபீஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததாகத்தான் நினைப்பார்கள்.

> ஸ்வர்ல் மார்க் = சுழிக்கீறல்

இதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிச்சத்தில் பெயிண்டின் மேல் தெரியும் அந்த மெல்லிய கீறல்கள் பெரும்பாலும் சுழியாகவே இருப்பதில்லை, எல்லாத் திசையிலும் ஓடுகின்றன. விளக்கு வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் மின்னுவதால் விளக்கைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் கண்ணுக்குப் படுகிறது. இரவில் தெருவிளக்கின் கீழ் நின்று தலையை அசைத்துப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். வலைக்கீறல் போதும். அடுக்குமாடிகளில் காலையில் ஒரே வாளித் தண்ணீரில் பத்துக் காரைத் துடைக்கிறார்களே, அந்தத் துணியில் சிக்கிய மண்தான் இதை வரைகிறது.

வெயிலில் கிடந்து பழைய பெயிண்ட் வெளிறி, விரல் வைத்தால் மாவாக ஒட்டுவதற்கு 'ஆக்சிஜனேற்றம்' என்று யாரோ எழுதியிருந்தார்கள். வேதியியல் பாடத்துக்குச் சரி. நான் நீறுபூத்தல் என்பேன். நீறு பூத்த நெருப்பு போல, ஊதினால் உள்ளே நிறம் இருக்கிறது. ஆனால் மேல்பூச்சு தோல் உரிவதுபோல் வெள்ளையாக உரிந்திருந்தால் அது நீறுபூத்தல் அல்ல, எதைத் தேய்த்தாலும் தேறாது, மறுபடி பெயிண்ட் அடிக்க வேண்டியதுதான்.

> சொல் இருக்கட்டும், வீட்டில் செய்யலாமா கூடாதா?

செய்யலாம். நிழலில் நிறுத்தி, தகடு ஆறிய பிறகு, ஷாம்பு போட்டு மண் போகக் கழுவுங்கள். நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டுங்கள், நகம் மாட்டினால் விட்டுவிடுங்கள், அது குழம்பால் தீராது. கீறலின் மேல் தண்ணீர் விட்டதும் மறைந்தால் அனேகமாக மேல்பூச்சோடு நின்றிருக்கிறது. விளிம்பு, பிளாஸ்டிக், ரப்பர் எல்லாவற்றிலும் மாஸ்கிங் டேப். முதலில் மெருகுக்குழம்பு, ஓர் அடிச் சதுரத்தில் மட்டும், மைக்ரோஃபைபர் துணியால் கையாலேயே. அது போதாத இடத்தில் மட்டும் இழைகுழம்பு, அதன் மேல் திரும்பவும் மெருகுக்குழம்பு, கடைசியில் காப்புமெழுகு. துணியில் கார் நிறம் ஏறினால் உடனே நிறுத்துங்கள். மேல்பூச்சே இல்லாத பழைய பெயிண்ட் என்றால் ஏறத்தான் செய்யும், உங்கள் கார் எது என்பதை முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். டிரில்லைத் தொடாதீர்கள், தயவுசெய்து.

கிளியர் கோட்டுக்கு 'தெளிபூச்சு' என்று வந்திருக்கிறது. 'தெளி' என்றதும் எனக்கு வாசல் தெளிப்பதுதான் ஞாபகம் வருகிறது. 'நிறமிலிப்பூச்சு' கொஞ்சம் நீளம். 'கண்ணாடிப்பூச்சு' என்றால் கண்ணாடிக்குப் பூசுவதா, கண்ணாடி போன்றதா? டிங்கரிங் பட்டறையில் இதற்கு ஏதாவது பேச்சுவழக்குச் சொல் இருந்தால் எழுதுங்கள், வேறெதையும்விட அதுவே மேல்.