மறு: மறு: ஆஃப்டர்மார்க்கெட் எக்ஸாஸ்ட் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். இருசக்கர வாகன மெக்கானிக் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. "ஆஃப்டர்மார்க்கெட் எக்ஸாஸ்ட் தேர்ந்தெடுப்பது" என்ற அத்தியாயத்தில் சிக்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியது மூன்று சொற்கள். கழிவு வாயுவை வெளியேற்ற என்ஜினிலிருந்து பின்முனைவரை செல்லும் முழு அமைப்புக்கு ஒன்று, கடைசியில் இருக்கும் உருளைக்கு மட்டும் ஒன்று, வண்டி கம்பெனி தராமல் வெளியே வாங்கி மாட்டுவதற்கு ஒன்று. நம் ஊரில் முதல் இரண்டையும் சைலன்சர் என்றே சொல்லிவிடுகிறோம்.

இது வெறும் சொல்லாசை இல்லை. பிஎஸ்6 (பாரத் ஸ்டேஜ் 6 மாசு விதி) வண்டிகள் பலவற்றில், கழிவு வாயுவின் நச்சைக் குறைக்கும் வினையூக்கி மாற்றி முன்பகுதிக் குழாயிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியில் உருளையை மட்டும் மாற்றினால் அது தப்பிக்கும், முழு அமைப்பையும் மாற்றினால் அதுவும் சேர்ந்து போய்விடும். "சைலன்சரை மாற்றலாம்" என்று நான் எழுதினால் பையன் எதைக் கழற்றுவான்?

திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தம்பி, சொல் நம்மிடமே இருக்கிறது: தூம்பு. மலைபடுகடாத்தில் கூத்தர் சுமந்து செல்லும் இசைக்கருவிகளின் வரிசையைப் பாருங்கள், "கண்ணிடை விடுத்த களிற்றுயிர்த் தூம்பின்" என்று வருகிறது. யானை மூச்சுவிடுவது போல ஒலிக்கும் நெடுங்குழல். என்ஜினின் வெளிமூச்சைக் கொண்டுபோகும் குழாய்க்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைத்துவிட முடியும்? புல்லட் கிளம்பும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். தும்பிக்கையும் இந்த வேரிலிருந்து வந்ததாகத்தான் நான் கொள்கிறேன். தூம்பு, தும்பு, தும்பி. தும்பி யானைக்கும் பெயர், வண்டுக்கும் பெயர். இரண்டுமே ஒலி எழுப்புபவை. ஆக முழு அமைப்பு உயிர்த்தூம்பு, கடைசி உருளை கடைத்தூம்பு.

ஓசூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:

ஐயாவின் யானை அருமை. ஆனால் எங்கள் பக்கம் தூம்பு என்றால் தண்ணீர் வெளியேறும் ஓட்டை. வகுப்பில் "தூம்பைக் கழற்று" என்றால் பையன்கள் வாஷ்பேசினைத் தேடுவார்கள். பட்டறையில் முன்னால் வளைந்து வருவது பெண்டு பைப், பின்னால் இருப்பது சைலன்சர். வண்டியோடு வந்தது கம்பெனி சைலன்சர், அப்புறம் வாங்கிப் போட்டது வெளி சைலன்சர். நாளை பட்டறையில் நிற்கப்போகிறவனுக்கு இந்தச் சொற்களைச் சொல்லித்தராமல் வேறு எதைச் சொல்லித்தருவது?

சென்னை, இயந்திரப் பொறியாளர்:

"ஒலியடக்கி" இன்னும் வரவில்லையே என்று பார்த்தேன். யாரும் கொண்டுவர வேண்டாம். பாதிப் பேர் இதை மாற்றுவதே சத்தம் கூட்டத்தான். டெசிபல் குறைக்கும் உள்செருகியை முதல் நாளே பிடுங்கி எறிகிறவனிடம் அதற்குப் பெயர் ஒலியடக்கி என்றால் சிரிப்பான்.

கையேட்டு வரைவில் ஒரு வரி: "பேக் பிரஷர் குறைந்தால் இழுவை குறையும்." தயவுசெய்து நீக்குங்கள். என்ஜினுக்கு பேக் பிரஷர், அதாவது வெளியேறும் வாயுவைத் தடுக்கும் எதிரழுத்தம், தேவையே இல்லை. குழாயின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்தால், முன்னே போன வாயுத் துடிப்பு பின்னே மிச்சமிருக்கும் கழிவை இழுத்துக்கொண்டு போகும். தடித்த குழாய் போட்டால் குறைந்த வேகத்தில் இழுவை போவது இந்த ஒத்திசைவு கெடுவதால். இதையும் சேருங்கள்: முழு அமைப்பு வாங்குகிறவர், கழிவு வாயுவில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைப் பொருத்த அதில் மரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும்போது படபடவென வெடித்தால் அதை வீரம் என்று நினைக்காமல், கலவையில் பெட்ரோல் குறைந்துவிட்டதா, மூட்டில் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். கண்ணாடி நார் அடைத்த உருளை என்றால் நார் தேயத் தேயச் சத்தம் ஏறிக்கொண்டே போகும்.

சட்டத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். 80 சிசிக்கு மேல் 175 சிசி வரையிலான வண்டிக்கு 77 டெசிபல், அதற்கு மேல் 80 என்பது தயாரிப்பு நிலையிலேயே உள்ள வரம்பு. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)இன்படி, 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒலி வரம்பை மீறி ஓட்டி முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதோடு 3 மாதம் லைசென்ஸும் போகும்.

சொல்லுக்கு என் பங்கு: முழு அமைப்புக்குப் "புகைபோக்கி அமைப்பு".

மதுரை, அகராதிப் பணியில் இருப்பவர்:

புகைபோக்கி என்றதும் அடுப்படியும் ஆலையும்தான் கண்முன் வரும். தவிர, நல்ல நிலையில் உள்ள வண்டியில் புகை தெரியவே கூடாதே! வளிபோக்கி என்று வையுங்கள்.

ஆஃப்டர்மார்க்கெட்டை எல்லோரும் நழுவவிட்டீர்கள். பிற்சந்தை. பின் + பகல் = பிற்பகல் போல.

திருநெல்வேலி:

பின் + பனி = பின்பனி. அதை என்ன செய்வதாம்?

மதுரை:

இரண்டும் வழக்கு, ஐயா. பிற்காலம் இருக்கிறது, பின்கட்டும் இருக்கிறது.

திருநெல்வேலி:

அப்படியானால் விதி என்று சொல்லாதீர்கள், விருப்பம் என்று சொல்லுங்கள்.

ஓசூர்:

பிற்சந்தை என்று மாணவனிடம் சொன்னால் சாயங்காலச் சந்தையா என்பான். "வெளிச்சந்தை" என்று எனக்குத் தனி மடலில் ஒருவர் பரிந்துரைத்தார். அதைக் கேட்டால் ரேஷன் அரிசி ஞாபகம்தான் வருகிறது.

சென்னை:

"மாற்று" போதாதா? மாற்றுச் சாவி, மாற்று உடை என்கிறோமே.

மதுரை:

கம்பெனி ஷோரூமிலேயே வாங்கிப் போடும் உதிரிபாகமும் மாற்றுதானே? யார் செய்தது என்பது அந்தச் சொல்லில் இல்லை. "பிறராக்கம்" என்றால் தெளிவு.

ஓசூர்:

பிறராக்கம் என்றால் திருட்டுக் கவிதை மாதிரி இருக்கிறது.

கோவை:

ஐயா, தோழர்களே, இன்று வியாழன். யானை, பின்பனி, அரிசி எல்லாவற்றையும் படித்தேன். ஓசூர், சென்னை, நான் என மூவர் ஒருமாதிரி ஒத்துப்போகிறோம், மதுரை மௌனம், நெல்லை எதிர்ப்பு. இப்படிப் போட்டுவிடுகிறேன்: முழு அமைப்பு – வளிபோக்கி அமைப்பு. முன்குழாய் – பெண்டு பைப். உருளை – சைலன்சர். வெளியே வாங்குவது – மாற்று, முதல் முறை வரும் இடத்தில் மட்டும் "வண்டி நிறுவனம் தயாரிக்காத" என்ற விளக்கத்தோடு. அத்தியாயத் தலைப்பு: "மாற்று சைலன்சரும் மாற்று வளிபோக்கி அமைப்பும்: எதைத் தேர்ந்தெடுப்பது?" பேக் பிரஷர் வரி நீக்கப்பட்டது, சட்டப் பத்தி சேர்ந்தது.

மதுரை:

மௌனம் சம்மதம் அல்ல. பெண்டு பைப்புக்குப் பக்கத்தில் வளிபோக்கி, வேட்டிக்கு மேல் கோட்டு போட்டது போல் நிற்கிறது. அடுத்த பதிப்பில் பேசுவோம்.

திருநெல்வேலி:

என் வாக்கு தூம்புக்கே, பதிவு செய்துகொள்ளுங்கள். அது கிடக்கட்டும், தலைப்பில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. மாற்று என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், வல்லினம் மிகும். மாற்றுச் சைலன்சர்.

ஓசூர்:

ஐயா, அது ஸகர ஒலி. ச் போட்டால் பையன்கள் "ச்சைலன்சர்" என்று வாசிப்பார்கள்.

திருநெல்வேலி:

வாசிக்கட்டும்.

கோவை:

பக்கம் ஏற்கெனவே அச்சகத்துக்குப் போய்விட்டது. ஒற்று இல்லாமல்தான் போயிருக்கிறது. உள்ளே எட்டாம் பக்கத்தில் மட்டும் எப்படியோ ச் வந்திருக்கிறது.