மறு: எக்கோடைப்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல்

தாவரவியல் ஆசிரியை, அடையாறு:

அனைவருக்கும் வணக்கம். செய்முறைக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தமிழ்ச் சொல் கிடைக்காமல் ஒரே இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

முருங்கை இலையின் சத்து ஊருக்கு ஊர் மாறும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. மலைமேல் புறஊதாக் கதிர் கூடுதலாகப் படும். அதைத் தாங்க இலை ஃபிளேவனாய்டுகள் என்ற காப்பு வேதிப்பொருள்களை அதிகம் சேர்க்கும். சரி, கொல்லிமலையிலிருந்து ஒரு போத்தைக் கொண்டுவந்து அடையாற்றில் நடுகிறோம். துளிர்த்து வரும் இலை அடையாற்று இலை போலவே ஆகிவிட்டால், வேறுபாடு இடத்தால் வந்தது. இங்கே வந்தும் மாறாமல் நின்றால், அது பரம்பரையில் ஊறியது. இந்த இரண்டாவதைத்தான் சுவீடன் தாவரவியலாளர் துரேசன் 1922இல் எக்கோடைப் என்றார். போன ஆண்டு விடைத்தாள்களில் இரண்டுக்கும் 'சூழல்வகை' என்றே எழுதியிருந்தார்கள். எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மயிலாப்பூர்:

அம்மா, சொல் தேடி எங்கும் அலைய வேண்டாம். 'முதலெனப் படுவது நிலம்பொழு திரண்டின் இயல்பு' என்கிறது தொல்காப்பியம். நிலம் உங்கள் மண், பொழுது உங்கள் பருவம். மரமும் உணவும் அங்கே கருப்பொருள். ஆகவே இடத்தால் வருவது 'முதற்பொருள் வேறுபாடு', பரம்பரையானது 'திணையினம்'. முருங்கை என்ற பெயரையும் பாருங்கள். முருங்குதல் என்றால் முறிதல், அழிதல். புயல் வந்தால் எங்கள் தெருவில் முதலில் முறிவது அதன் கிளைதான். பெயர் வைத்தவன் மரத்தைத் தொட்டுப் பார்த்தவன்.

மொழிபெயர்ப்பாளர், வேளச்சேரி:

ஐயா, திணை என்றதும் பிள்ளைகளுக்கு உயர்திணை, அஃறிணைதான் நினைவுக்கு வரும். இடத்தால் வருவதற்கு 'மண்வாகு' என்று ஊரில் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம்? கத்தரிக்காய் ருசி மாறினால் அம்மா 'அந்த ஊர் மண்வாகுடா' என்பார். பரம்பரைக்குச் 'சூழலினம்' போதும்.

பேராசிரியர்:

தம்பி, வாகு வடசொல். பாஹு என்பதன் திரிபு, தோள் என்று பொருள். தோளணிக்கு வாகுவலயம் என்பார்களே, நினைவிருக்கிறதா? அப்புறம், மண்வாகு என்றால் பொழுது எங்கே போயிற்று?

ஆசிரியை:

ஐயா, வாகுவலயத்தின் வாகு வேறு. உடல்வாகு, 'வாகாக உட்கார்' என்பதில் வருவது வேறு சொல் என்றே நினைக்கிறேன். தோளுக்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. ஆனால் பொழுது பற்றி நீங்கள் கேட்டது என்னைத் தூங்கவிடவில்லை. இன்று காலை கீரைக்கார அம்மா கட்டைப் பிரித்துக் காட்டினார். காம்பு நீண்டு, இலை வெளிறிக் கிடந்தது. 'மழைக்கீரைம்மா, தண்ணியாத்தான் இருக்கும். பனி விழட்டும், அப்புறம் பாரு' என்றார். அவர் சொன்னதில் மண்ணே இல்லை, பொழுது மட்டும்தான். 'நிலப்பொழுது வேறுபாடு' என்று வைக்கலாமா என்று வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். யாருக்கும் பிடிபடவில்லை. மண்வாகு என்றதும் பின்வரிசைப் பையன் எழுந்து, அவன் ஊர்க் கிணற்று உப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

இதுவரை எழுதிய ஏழு பேரில் ஐவர் மண்வாகு, சூழலினம் பக்கம். அவற்றையே அனுப்புகிறேன். மண்வாகுக்குக் கீழே 'நிலமும் பொழுதும் சேர்ந்து தரும் இயல்பு' என்று விளக்கம் போட்டிருக்கிறேன்.

பேராசிரியர்:

அச்சுக்குப் போகட்டும் அம்மா. விளக்கத்தில் பொழுதைச் சேர்த்ததற்கு நன்றி. சொல்லுக்குள் அது இல்லை. அடுத்த பதிப்பின்போது மறுபடியும் எழுதுவேன்.