சர்வாங்காசனத்துல கழுத்து வலி, உதவி தேவை

மலைக்காற்று:
சர்வாங்காசனத்துல (தோள்ல நின்னு உடம்பையும் காலையும் மேல தூக்குற ஆசனம்) கால் மேல போனதும் கழுத்துக்கு அடியில, எலும்பு துருத்துற இடத்துல வலிக்குது. இறங்கின பிறகும் போகல. அடுத்த வகுப்புக்குள்ள சரி பண்ணணும். அவசரம்.

வைகைக்கரை:
வயசு என்ன? பி.பி., கண் அழுத்த நோய் உண்டா? தரையில என்ன விரிக்கிறீங்க? எவ்வளவு நேரம் நிக்கிறீங்க? கை மரத்துப் போகுதா? இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது?

செம்பருத்தி:
வயித்துல பலம் இல்லாததுதான் காரணம். காலை உதறி ஏத்துறப்போ அந்த வேகம் முழுக்கக் கழுத்துல போய் விழுது. முட்டியை நெஞ்சுக்குக் கொண்டு வந்து, மூச்சை விட்டுக்கிட்டே இடுப்பை மெதுவா சுருட்டி எழுப்புங்க. அப்படி எழுப்ப முடியலன்னா அர்த்த நாவாசனம் (வயித்துக்குப் பலம் தர்ற பாதிப் படகு நிலை) செஞ்சுட்டு அப்புறம் வாங்க.

மூத்தவன்:
இங்க எத்தனையோ தடவை சொல்லியாச்சு. தேடிப் பார்க்காமலே கேக்குறாங்க. சேதுபந்தாசனத்துல (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குற பால நிலை) தோளை உள்ள இழுத்து ஒரு நிமிஷம் நிலையா நிக்கத் தெரியாதவங்க சர்வாங்காசனம் பக்கமே வரக் கூடாது. அடிப்படை இல்லாம மேல ஏறினா வலிக்கத்தான் செய்யும்.

நீலமேகம்:
அடிப்படை வேணும்தான், ஆனா இங்க சிக்கல் கோணத்துல இருக்கு. கழுத்து முன்பக்கமா சுமார் 45 முதல் 60 பாகைதான் மடங்கும். வெறுந்தரையில உடம்பைச் செங்குத்தா நிறுத்தினா 90 பாகைக்குப் பக்கத்துல வந்துடும். மீதி வளைவை மேல்முதுகு தரணும். அது விறைச்சிருந்தா ஏழாவது கழுத்தெலும்பு தரையில அழுந்தும். நீங்க சொல்ற இடம் அதுதான்.

கெட்டியான ஜமுக்காளம் மூணு நாலு மடிச்சு, அழுத்தினாலும் 5 முதல் 7 செ.மீ. உயரம் நிக்கிற மாதிரி அடுக்குங்க. பஞ்சுத் தலையணை அமுங்கிடும், வேண்டாம். தோள் அடுக்கோட விளிம்புல இருந்து 4 செ.மீ. உள்ள இருக்கணும், முழங்கையும் அடுக்கு மேலேயே இருக்கணும். பின்தலை மட்டும் தரையில. கழுத்துக்கும் தரைக்கும் நடுவுல ஒரு விரல் நுழையணும். முட்டியை மடக்கி, பாதத்தைச் சுவத்துல ஊன்றி, சுவத்தை அழுத்தி இடுப்பைத் தூக்குங்க. கையை முதுகுல கொடுங்க, முழங்கை தோள் அகலத்தைத் தாண்டக் கூடாது. ஆரம்பத்துல இந்த நிலையே போதும், 20 விநாடி. மேல இருக்கும்போது தலையைத் திருப்பவே திருப்பாதீங்க.

மூத்தவன்:
அடுக்கு வெச்சு செய்றது புனேல பி.கே.எஸ். ஐயங்கார் சொல்லிக் கொடுத்த முறை. சிவானந்தா யோகா வழியில வெறும் விரிப்பு மேலேதான் செய்றாங்க, அவங்களுக்கெல்லாம் கழுத்து போயிடுச்சா?

நீலமேகம்:
விரிப்பு மேலேயே செய்யணும்னா உடம்பைச் செங்குத்தா நிறுத்தாதீங்க. இடுப்பைக் கையில தாங்கி, விபரீதகரணி மாதிரி சாய்வா நின்னா கழுத்துக்கு மடக்கு குறையும்.

செம்பருத்தி:
இறங்கினதும் மத்ஸ்யாசனம் (மல்லாந்து நெஞ்சைத் தூக்கி, கழுத்தைப் பின்னால வளைக்கிறது) போட்டா கழுத்து சரியாகிடும்.

வைகைக்கரை:
வலிக்கிற கழுத்தை உடனே பின்னால வளைக்கச் சொல்லலாமா? முதல்ல மல்லாந்து ஓய்வு. அப்புறம் வேணும்னா தாழ்வான புஜங்காசனம் (குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குறது).

செம்பருத்தி:
எதிர்ப்பக்கமா வளைக்கிற மாற்று ஆசனம் இல்லாம சர்வாங்காசனம் முழுமையாகாது.

வைகைக்கரை:
மாற்று வேணாம்னு நான் சொல்லல. அது எவ்வளவு ஆழம், எப்போங்கிறதுதான் கேள்வி. ஐயங்காரோட குரு கிருஷ்ணமாச்சாரியார் வழியில அதை ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்துவாங்க.

மலைக்காற்று:
வயசு 46. பி.பி. மாத்திரை சாப்பிடுறேன். வெறும் யோகா மேட்தான். இடது சுண்டுவிரல் மரக்குது, சொல்ல விட்டுப்போச்சு.

நீலமேகம்:
அப்படின்னா மேல நான் எழுதினதை இப்போ செய்யாதீங்க. சுண்டுவிரல் மரக்குதுன்னா நரம்பு எங்கேயோ அழுந்துது. கழுத்துல இருக்கலாம், முழங்கையில இருக்கலாம். அதை எலும்பு மருத்துவர் பார்த்துத்தான் சொல்லணும். பி.பி. இருக்கிறதால தலைகீழ் ஆசனத்துக்கு பி.பி. பார்க்கிற டாக்டரோட அனுமதியும் வேணும். அதுவரைக்கும் சர்வாங்காசனம், ஹலாசனம் (காலைத் தலைக்குப் பின்னால கொண்டு போறது), மத்ஸ்யாசனம் மூணும் வேண்டாம். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலை நாற்காலி மேல வெச்சு 5 நிமிஷம் இருங்க. பிடியில பலம் குறைஞ்சாலோ வலி கைக்கு இறங்கினாலோ அன்னைக்கே போங்க.

மலைக்காற்று:
சரிங்க. டாக்டர்கிட்ட நேரம் வாங்கிட்டேன்.

செம்பருத்தி:
மத்ஸ்யாசனத்துல தலைக்கு அடியில மடிச்ச துண்டு வெச்சா கழுத்துல பாரம் குறையும். பொதுவா சொல்றேன், இவருக்கு இல்ல.