சனசமூக நிலையத்து ரீவி யாருக்கு: வேட்பாளருக்கா, மட்சுக்கா?

வாசிகசாலை:
வணக்கம் உறவுகளே. நெடுங்கேணிப் பக்கம் ஒரு கிராமத்தின் சனசமூக நிலைய நிர்வாகத்தில் இருக்கிறேன். வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் வரப்போகிறது என்ற கதை விட்டு விட்டு அடிபடுகிறது. வருவதற்கு முன் ஒரு விசயத்தைப் பேசித் தீர்க்க விரும்புகிறேன்.

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை இரவு. நாடாளுமன்றத் தேர்தலுக்கு நாலே நாள். தம்புள்ளையில் நியூசிலாந்தோடு இருபது ஓவர் மட்ச். அதே நேரம் ஒரு தமிழ் அலைவரிசையில் எங்கள் மாவட்ட வேட்பாளர்கள் சிலர் இருந்து விவாதம். நிலையத்தில் இருப்பது ஒரே ரீவி. முன்வாங்கில் இருந்த ஐயா ஒருவர் "ஒரு பத்து நிமிசம் மாத்திவிடுங்கோ தம்பிமார்" என்று கேட்டார். அவருடைய வயலுக்குள் காட்டு எல்லைக்கல் போட்டிருக்கிறார்கள். அதைப்பற்றி யார் என்ன சொல்கிறார் என்று கேட்கத்தான் வந்திருந்தார். ஒருவரும் மாத்தவில்லை. துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

என் நிலைப்பாடு இது: தேர்தலுக்கு முந்திய இரண்டு கிழமையும் இரவு 8 மணி தொடக்கம் 9 மணி வரை அந்த ரீவி வேட்பாளர் நிகழ்ச்சிகளுக்கு. மட்சை வீட்டில் பார்க்க வழியுள்ளவர்கள் வீட்டில் பார்க்கட்டும். உங்கள் கருத்து என்ன?

கடைசி ஓவர்:
அண்ணை, நான் அதே மட்சை மாங்குளத்தில் பெடியளோடு இருந்து பார்த்தவன். 109 அடித்தால் இலங்கைக்கு வெற்றி. நியூசிலாந்தின் பெர்குசன் ஹாட்ரிக் எடுத்துவிட்டார். கடைசி ஓவருக்கு 8 ஓட்டம் தேவை. பந்து போட வந்தது கிளென் பிலிப்ஸ். அந்த ஓவரில் மூன்று விக்கெட், 103க்கு எல்லோரும் அவுட், 5 ஓட்டத்தால் தோல்வி. அந்த இடத்தில் "பத்து நிமிசம் மாத்துங்கோ" என்றால் யார் மாத்துவார்கள்?

விவாதம் அடுத்த நாளும் யூடியூப்பில் கிடக்கும். மட்ச் அப்படியில்லை, நடக்கும்போதுதான் மட்ச். இன்னொன்று, எங்கள் நிலையத்தில் டிஷ்ஷுக்கு ரீசார்ஜ் போடுவது விளையாட்டுக் கழகப் பெடியள். ஒரு வேட்பாளரும் வந்து ஐந்து சதம் தரவில்லை.

மல்லாவி ரீச்சர்:
தம்பி, யூடியூப்பில் கிடக்கும் என்பது உங்களுக்குச் சரி. எழுபது வயதுக்காரருக்கு அதை யார் தேடிக் கொடுப்பது? எங்கள் பக்கத்துச் சில கிராமங்களில் போனை எடுத்துக்கொண்டு குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல். டேட்டாவும் சும்மா வருவதில்லை.

வன்னித் தேர்தல் மாவட்டத்தை ஒருக்கா யோசித்துப் பாருங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து ஒன்று. ஆறு ஆசனம். கட்சிக்குப் புள்ளடி போட்ட பிறகு மூன்று பேர் வரைக்கும் விருப்பு வாக்குப் போடலாம். மன்னார் தீவில் காற்றாலையும் மணல் அகழ்வும் பிரச்சினை. எங்களுக்கு யானையும் குளமும். கொக்கிளாயில் கடல். பேசாலையில் இருந்து கேட்கும் ஒருவரை மல்லாவியில் இருக்கும் நான் எங்கே கண்டேன்? கூட்டம் வைத்தால் தன் ஊர்ப் பக்கம்தான் வைப்பார். நோட்டீசில் ஒரு படமும் இலக்கமும் இருக்கும், அவ்வளவுதான். அந்த மனிதர் ஒரு கேள்விக்கு எப்படி முகம் கொடுக்கிறார் என்று பார்க்க எனக்கு ரீவியை விட்டால் வேறு வழி இல்லை. இதை நான் சலுகையாகக் கேட்கவில்லை. தெரியாத ஆளுக்கு விருப்பு வாக்குப் போடச் சொல்வது எங்களுக்குச் செய்யும் அநியாயம்.

முல்லைக்கரை:
ரீச்சர் சொல்வது நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பொருந்தும். உள்ளூராட்சிக்குப் பொருந்தாது. 2018இல் இருந்து வட்டார முறை வந்துவிட்டது. வட்டாரத்தில் கேட்பவர் என் ஒழுங்கைக்காரர். அவர் எப்படிப்பட்டவர் என்று ரீவி எனக்குச் சொல்லத் தேவையில்லை. 2025 மே 6 வாக்களிப்பு, அன்றிரவே ஐபிஎல்லில் மும்பை–குஜராத் மட்ச். காலையில் வாக்குப் போட்டோம், இரவு மட்ச் பார்த்தோம். ஒன்றால் ஒன்று கெடவில்லை.

உண்மையைச் சொன்னால் விளையாட்டுத்தான் அரசியலுக்கு வழிவிட்டிருக்கிறது. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். காலியில் நியூசிலாந்தோடு நடந்த டெஸ்டை அந்த ஒரு நாள் நிறுத்தி, 18ஆம் திகதி தொடங்கிய மட்சை 23ஆம் திகதி வரை ஆறு நாளாக இழுத்தார்கள். வாக்குப் போடும் நாளுக்கு அந்த மரியாதை வேண்டும், நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஆளை ஆள் பேசவிடாமல் கத்தும் ஒரு விவாதத்துக்கும் அதே மரியாதையைக் கேட்காதீர்கள்.

வவுனியா வாசகன்:
முல்லைக்கரையோடு உடன்படுகிறேன். சனத்தின் நேரம் பார்த்து அரசியல்வாதிதான் வரவேண்டும். 2011 செப்டம்பர் 8, அமெரிக்காவில் ஒபாமா வேலைவாய்ப்புத் திட்டம் பற்றி நாடாளுமன்றத்தில் பேச வேண்டியிருந்தது. அன்றிரவுதான் அவர்களுடைய காற்பந்துப் பருவத்தின் முதல் மட்ச், எட்டரைக்கு. உரையை ஏழு மணிக்கு வைத்து மட்சுக்கு முன் முடித்தார்கள். அவ்வளவு பெரிய பதவியில் இருப்பவரே விளையாட்டு அட்டவணையைப் பார்த்து நேரம் குறிக்கிறார். எங்கள் வேட்பாளருக்கு ஆறரை மணிக்கு வர ஏலாதா?

வாசிகசாலை:
வாசகன், ஒபாமாவுக்கு நேரத்தைத் தெரிவு செய்யும் பலம் இருந்தது. வன்னியில் சுயேச்சையாகக் கேட்கும் ஒருவர் அலைவரிசைக்காரரிடம் "எனக்கு ஆறரை தா" என்று கேட்க முடியுமா? கூப்பிட்ட நேரத்துக்குப் போவார். அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சட்டப்படி தரும் இலவச நேரமும் அவர்கள் குறிக்கும் நேரம்தான்.

மறுபக்கத்தையும் பாருங்கள். காசுள்ள கட்சி ஓவருக்கு ஓவர் வரும் இடைவெளியை விலைக்கு வாங்கி விளம்பரம் போடலாம். தேர்தல் செலவைக் கட்டுப்படுத்த 2023இல்தான் ஒரு சட்டமே வந்தது. ஆகவே மட்ச் பார்க்கும்போது நாங்கள் அரசியலை விட்டுவிட்டுப் பார்க்கவில்லை. காசு கட்டியவரின் அரசியலை மட்டும் பார்க்கிறோம். கேள்வி கேட்கப்படும் இடத்துக்கு வந்து பதில் சொல்லுகிறவரை மூடிவிட்டு, கேள்வியே இல்லாத முப்பது செக்கனைத் திறந்து வைத்திருக்கிறோம். எனக்கு நோகிற இடம் இதுதான்.

அக்கராயன் பெரியவர்:
பிள்ளைகள், நானும் ஒரு சொல் சொல்கிறேன். 1996 மார்ச் 17, லாகூரில் இலங்கை விளையாடிய உலகக்கிண்ண இறுதி. வன்னியில் கரண்ட் இல்லை. பற்றரிக்குத் தடை. யாழ்ப்பாணத்தில் இருந்து இடம்பெயர்ந்த சனம் மரங்களுக்குக் கீழே இருந்த காலம். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டோம். மிதிக்கிறவர் களைத்தால் சத்தம் இழுபட்டுப் போகும். உடனே அடுத்த ஆள் ஏறுவார். அரவிந்த 107 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்த நாட்டு அரசாங்கத்தை நம்பியவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் கேட்டோம்.

ஆனால் செய்தி நேரம் வந்தால் ஊசி செய்திக்குப் போகும். அதற்கு ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை திறந்தது என்று தெரியாமல் இருந்தால் உயிர் போகும்.

பிறகு 2009. இந்தியத் தேர்தலுக்காக ஐபிஎல்லைத் தென்னாபிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஏப்ரல் 18 தொடக்கம் மே 24 வரை. அந்த நாட்களில் நாங்கள் எங்கே கிடந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். தேர்தலையும் மட்சையும் மோதாமல் பிரித்து வைக்க ஒரு பெரிய நாடு அவ்வளவு கவனம் எடுத்தது. எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்க அந்தக் கவனத்தில் கொஞ்சமும் மிஞ்சவில்லை. கிரிக்கெட்டை நான் குற்றம் சொல்லவில்லை. கவனம் எங்கே போகிறதோ அங்கேதான் மனிதரின் உயிருக்கும் பெறுமதி என்று கண்டவன் சொல்கிறேன். ஒரு மணித்தியாலத்தைக் கொடுங்கள்.

கடைசி ஓவர்:
ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். உங்களுக்கு மறுப்பாக எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும்.

2009இல் நான் சின்னப் பிள்ளை, செட்டிகுளம் முகாமில் இருந்தவன். எங்கள் வீட்டில் அரசியல் என்றால் இன்றைக்கும் கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைப்பார்கள். ஊரில் எந்த நிகழ்வென்றாலும் யார் எந்தக் கட்சி, யாரை மேடையில் இருத்துவது என்று ஒரு இழுபறி. கோயில் திருவிழாவிலும் அது வந்துவிட்டது. மட்ச் போடும் இரவில் மட்டும்தான் எல்லாக் கட்சிக்காரர் பிள்ளைகளும் ஒரே பாயில் இருக்கிறார்கள். அந்த ரீவியில் கட்சி வந்தால், நாளைக்கு "என்ரை ஆளின்ரை நிகழ்ச்சி ஏன் போடவில்லை" என்று ஒருவர் வருவார். 2024 ஜனாதிபதி வாக்குச்சீட்டில் 39 பெயர். யாரைப் போடுவது, யாரை விடுவது? ரிமோட் வைத்திருக்கும் நிர்வாகிக்கும் ஒரு கட்சி இருக்கும்தானே, அண்ணை? எனக்கு மட்ச் பறிபோவதை விட அந்த இடம் உடைந்துபோவதுதான் பயம்.

மல்லாவி ரீச்சர்:
இது நல்ல கேள்வி. இதற்குப் பதில் இல்லாமல் விதி போட வேண்டாம். தனிக்கட்சி உரை, கட்சி விளம்பரம் எதுவும் வேண்டாம். ஒன்றுக்கு மேற்பட்ட கட்சிக்காரர் ஒன்றாக இருக்கும் விவாதம் மட்டும் போடலாம். எந்த நாள், எந்த அலைவரிசை என்று கிழமைத் தொடக்கத்திலேயே பலகையில் எழுதிவிடுங்கள். ரிமோட் பிரச்சினை அதோடு குறையும்.

இன்னொன்றும் இருக்கிறது. இரவு எட்டு மணிக்கு உங்கள் நிலையத்தில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள்? இவ்வளவு நேரமும் நீங்கள் பேசியது ஆம்பிளைகள் இருக்கும் ஒரு மண்டபத்தைப் பற்றித்தான். தனியே குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள் வன்னியில் எவ்வளவு பேர்! காணி அவர்களுக்கும் பிரச்சினை, நுண்கடன் அவர்களுக்குத்தான் பெரிய பிரச்சினை. அதே விவாதத்தை அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு யூடியூப்பில் எடுத்து அந்த ரீவியில் திரும்பப் போடுங்கள். மாதர் சங்கத்துக்குச் சொல்லிவிட்டால் அவர்கள் வருவார்கள்.

முல்லைக்கரை:
பின்னேரம் நாலு மணி எங்களுக்கும் நல்லது. கடலுக்குப் போகிறவன் எட்டு மணிக்கு நித்திரை. இழுவைப் படகு பற்றி யார் என்ன சொல்கிறார் என்று கேட்க எங்களுக்கும் விருப்பம்தான். ரீச்சரின் திட்டத்துக்கு நான் எதிர் இல்லை.

வாசிகசாலை:
ரீச்சர் சொன்ன மூன்றையும் எழுதிக்கொண்டேன்: பலகட்சி விவாதம் மட்டும், பலகையில் முன்கூட்டியே அறிவிப்பு, அடுத்த நாள் பின்னேரம் மறுபடி. இதை வருகிற பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக வைக்கிறேன். ஆனால் இரவு நேரத்தையும் நான் விடமாட்டேன். நேரலையில் பார்த்தால்தான் நிகழ்ச்சிக்குப் போன் எடுத்துக் கேள்வி கேட்கலாம். நிலையத்தின் பெயரைச் சொல்லி ஒரு கேள்வி போனால் வேட்பாளர் அதைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

கடைசி ஓவர்:
போன் எடுத்துக் கேட்கலாம் என்பதை நான் யோசிக்கவில்லை, அது சரி. அப்படியென்றால் ஐபிஎல் நாட்களில் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கழகத்தின் சார்பில் நான் விட்டுத்தரக் கதைக்கிறேன். இலங்கை விளையாடும் நாள் வேறு. அந்த நாளுக்கும் சேர்த்துத் தீர்மானம் கொண்டு வந்தால் எங்கள் பக்கத்துப் பெடியள் எதிர்த்துத்தான் கை உயர்த்துவார்கள், நானும் உயர்த்துவேன்.