எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, முழங்கால் மட்டும் நழுவியது

பொங்கல் கபடியில் என் தம்பி ரெய்டு போனான். காலை ஊன்றிச் சட்டென்று திரும்பியபோது முழங்காலுக்குள் 'டொப்' என்று சத்தம். யாரும் அவனைத் தொடக்கூட இல்லை. ராத்திரிக்குள் மூட்டு வீங்கிவிட்டது.

எக்ஸ்ரே எடுத்துவிட்டு, "எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குதான்" என்று அனுப்பிவிட்டார்கள். வீக்கம் வடிந்து நடக்கவும் ஆரம்பித்தான். ஆனால் படியில் இறங்கும்போது முழங்கால் திடீரென்று நழுவும். எண்ணெய் போட்டு நீவினால் சரியாகும் என்றார்கள் வீட்டுப் பெரியவர்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, மதுரைக்குக் கூட்டிப்போனேன்.

அங்கே டாக்டர் அவனைப் படுக்கவைத்து, முழங்காலை லேசாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுத்தார். நல்ல காலில் ஓர் இடத்தில் 'டக்'கென்று பிடித்து நின்றது. அடிபட்ட காலில் அந்தப் பிடிப்பே இல்லை, எலும்பு முன்னால் வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இதற்கு லாக்மேன் சோதனை என்று பெயராம். எம்.ஆர்.ஐ.யிலும் அதேதான்: முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் ஏ.சி.எல். என்ற ஜவ்வு முழுதாக அறுந்திருந்தது. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியவே தெரியாது. கால் நழுவுகிறவர்கள் தயவுசெய்து எக்ஸ்ரேயோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

முழங்காலில் இரண்டு எலும்பும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு இல்லை, ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றை விலகாமல் பிடித்திருப்பவை முக்கியமாக நான்கு ஜவ்வுகள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, உள்ளே குறுக்காக இரண்டு. எல்லாமே பெரும்பாலும் கொலாஜன் நார்கள், கயிறுபோலக் கற்றை கற்றையாக. பக்கத்து ஜவ்வு இரண்டில், மறு முழங்காலைப் பார்த்திருக்கும் உட்பக்க ஜவ்வு கிழிந்தால் பெரும்பாலும் பெல்ட் போட்டே கூடிவிடும். ஏ.சி.எல். அப்படி இல்லை. மூட்டுத் திரவத்துக்கு நடுவில் இருப்பதால் அறுந்த முனைகளுக்கிடையே ரத்தம் உறைந்து நிற்காது. தானாகக் கூடுவது அரிது.

அதனால் தம்பிக்கு ஆபரேஷன் செய்தார்கள். தொடையின் பின்பக்கத்திலிருந்து தசைநார் எடுத்து, மடித்து, இரண்டு எலும்பிலும் துளையிட்டுப் பொருத்தினார்கள். வலி சீக்கிரமே குறைந்துவிட்டது. ஆபத்தும் அங்கேதான். வைத்த நார் முதல் சில மாதங்களில் பலம் குறைந்து, அப்புறம்தான் மெதுவாக ஜவ்வாகத் தேறும். 9 மாதத்துக்கு முன்னால் களத்தில் இறங்கவே கூடாது என்று பிசியோ கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நல்லாத்தானேடா நடக்கிறே, வா" என்று கூப்பிடும் பையன்களைச் சமாளிப்பதுதான் இப்போது பெரும்பாடு. தொடைத் தசையைத் தேற்றும் பயிற்சி மட்டும் தினமும் நடக்கிறது.