தேவிபட்டினம் – தொண்டி பக்கம் சேத்துல ஜீப் ஓட்ட எங்க இறங்கலாம்?

வைகைக்கரை ஜீப்:
டிசம்பர் கடைசி வாரம் அஞ்சு வண்டி வர்றோம். மூணு மஹிந்திரா தார், ஒரு ஜிம்னி, ஒரு பழைய ஜிப்ஸி. எல்லாம் ஃபோர் வீல் டிரைவ். ரெண்டு தார்ல எம்டி டயர் (சேத்துக்கானது), மத்ததெல்லாம் ஏடி டயர் (எல்லாத் தரைக்குமானது). ஒரு வண்டியில மட்டும் 9,500 பவுண்டு வின்ச் (கயிறு சுத்தி இழுக்கிற மோட்டார்) இருக்கு.

மனசுல மூணு இடம் இருக்கு. ஒண்ணு, கிழக்குக் கடற்கரைச் சாலையில தேவிபட்டினம் தாண்டினதும் கடல் பக்கமா வெள்ளையா விரிஞ்சு கிடக்குற பொட்டல். ரெண்டாவது, ஏதாவது ஒரு பெரிய கண்மாயோட ஓரம். மூணாவது தனுஷ்கோடி மணல். இதுல எங்க இறங்கலாம், எங்க இறங்கக் கூடாது? டயர்ல காத்து எவ்வளவு வைக்கணும்? சிக்கினா எப்படி எடுக்கிறது? யாருக்கும் தொந்தரவு இல்லாம, நிலம் கெடாம ஓட்டணும்கிறதுதான் எங்க எண்ணம். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உப்பூரான்:
தம்பி, இறங்குறதுக்கு முன்னாடி கேட்டீங்களே, அதுக்கே நன்றி. மூணு இடமுமே வேண்டாம். ஏன்னு சொல்றேன்.

அந்த வெள்ளைப் பொட்டலுக்கு எங்க பக்கம் தரவைன்னு பேரு. வாலாந்தரவைன்னு ஊர்ப் பேர்லயே இருக்கு பாருங்க. மேல உப்புப் பூத்துக் காய்ஞ்சு, சிமெண்டுத் தரை மாதிரி தெரியும். அந்தப் பொருக்கு ரெண்டு விரல் கனம்தான். அடியில களி, அதுவும் வருஷம் பூரா ஈரமா இருக்கிற களி. ஆளு நடந்தா தாங்கும், ஆடு மேயும், ரெண்டு டன் வண்டி ஏறினா பொருக்கு உடைஞ்சு அச்சு வரைக்கும் இறங்கிடும். இந்தப் பக்கத்துக் கடல்ல ஏத்த இறக்கம் குறைவுதான். ஆனா வாடைக்காத்து பலமா அடிச்சா பெண்கடல் (பாக் நீரிணைப் பக்கம்) தண்ணி கரையேறித் தரவைக்குள்ள பரவும். காலையில காய்ஞ்சு கிடந்த இடம் சாயங்காலம் கணுக்கால் தண்ணியில நிக்கும். டிசம்பர்ல அடிக்கிறது வாடைதான்.

சிக்கினா ஊர் டிராக்டரைக் கூப்பிட்டுக்கலாம்னு நினைப்பீங்க. சாதா டிராக்டர் உள்ள வந்தா அதுவும் சேர்ந்து புதையும். நெல் வயல்ல சேத்துழவுக்கு மாட்டுற இரும்புக் கேஜ் வீல் போட்ட டிராக்டர்தான் வரணும். கேஜ் வீலோட தார் ரோட்டுல ஓட்டக் கூடாது, தளம் கிழிஞ்சிடும். அதனால சக்கரத்தைத் தனியா ஏத்திக்கிட்டு வந்து, ரோட்டோரத்துல மாட்டி, அப்புறம்தான் இறங்கணும். அரை நாள் போயிடும்.

கண்மாய் விஷயத்துலதான் ரொம்பக் கவனம் வேணும். மார்கழியில கண்மாய்ல தண்ணி இருக்கும், அதனால நீங்க ஓட்டப் போறது கரை மேல. நனைஞ்ச கரையில சக்கரம் பதிஞ்சு ஒரு சாண் தடம் விழுந்தா, அடுத்த மழைத் தண்ணி அந்தத் தடத்தைப் பிடிச்சு ஓடி, அங்கேயே கரையை அரிக்கும். கரைச் சரிவுல குறுக்க ஏறி இறங்கின தடம் இன்னும் மோசம், அது தண்ணிக்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. இந்த மாவட்டத்துல வைகைத் தண்ணியும் மழையும் கண்மாய்ல தேங்கினாத்தான் நெல்லு. கரை உடைஞ்சா ஒரு ஊரோட வருஷ வெள்ளாமை போச்சு. போதாததுக்கு சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேல்செல்வனூர் – கீழ்செல்வனூர் எல்லாம் பறவைகள் சரணாலயக் கண்மாய்கள். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022லேயே ராம்சர் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வந்துட்டுது. மழைக்காலத்துல அங்க பறவைங்க கூடு கட்டி இருக்கும்.

இன்னொண்ணு, வெளியூர்க்காரங்க கண்ணுக்குத் தப்புறது. எங்க பக்கம் நெல்லை நாத்து விட்டு நடுறது குறைவு. ஆவணி, புரட்டாசியில காய்ஞ்ச புழுதியிலேயே விதைச்சிட்டு மழைக்குக் காத்திருப்போம். அந்த நேரம் வயல் வெறும் கட்டாந்தரை மாதிரிதான் இருக்கும், ஒரு பச்சை தெரியாது. அடுத்த தடவை செப்டம்பர்ல வந்தா, சும்மா கிடக்குன்னு எதுலயும் இறங்கிடாதீங்க. மிளகாய்க் கொல்லையும் அப்படித்தான். முண்டு மிளகாய்ச் செடி உயரம் இல்லாதது, மழைக்காலம் முடிஞ்சும் நிலத்துல நிக்கும்.

வின்ச் வயர்:
உப்பூரான் அண்ணன் சொன்னது சரி, தரவை வேண்டாம். அடி தட்டாத களியில எந்த டயரும் உதவாது. சேத்துல வண்டி ஓடணும்னா அடியில ஒரு கெட்டித் தளம் இருக்கணும். அதைத் தெரிஞ்சுக்க 12 மில்லிமீட்டர் இரும்புக் கம்பி ஒண்ணு வச்சுக்கோங்க, நாலடி நீளம். இறங்குற தடத்துல நாலெட்டுக்கு ஒரு தடவை கையால அழுத்துங்க. அரை அடிக்குள்ள தட்டினா வண்டி போகும். ஒரு அடிக்கு மேல தங்குதடையில்லாம இறங்கினா திரும்பிடுங்க. வண்டி போற முழுத் தடத்தையும் ஒருத்தர் செருப்பில்லாம நடந்து பார்க்கணும். கருவேல முள்ளு இருக்குமேன்னா, அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான். காத்து இறக்கின டயர்ல பக்கச்சுவர் வெளிய பிதுங்கி நிக்கும், சீமைக்கருவேல முள்ளு அங்கதான் ஏறும். பக்கச்சுவர் ஓட்டையை பிளக் வச்சு அடைக்கிறது நிக்காது. வண்டிக்கு ஒரு ஸ்டெப்னி கட்டாயம்.

காத்து: சேத்துக்கு 18 பிஎஸ்ஐ, இளக மணலுக்கு 15. அதுக்கும் கீழ 12, 13னு போனா, பீட்லாக் (டயர் விளிம்பைப் பிடிச்சு வைக்கிற வளையம்) இல்லாத ரிம்ல இருந்து டயர் விளிம்பு கழண்டுக்கும், அதுவும் ஸ்டியரிங்கை ஒடிச்சுத் திருப்பும்போது. தார் ரோட்டுல ஏறுறதுக்கு முன்னாடி நாலு டயருக்கும் பழைய அளவு காத்து ஏத்தணும். 18ல வச்சு 80 கிலோமீட்டர் வேகத்துல போனா டயர் சூடேறி வெடிக்கலாம்.

ஓட்டுற விதம்: இறங்குறதுக்கு முன்னாடியே ஃபோர் லோ (நாலு சக்கரமும் மெதுவா, அதிக பலத்தோட இழுக்கிற நிலை), ரெண்டாவது கியர், ஈஎஸ்பி (வண்டி சறுக்காம தடுக்கிற அமைப்பு) ஆஃப். ஈஎஸ்பி ஆன்ல இருந்தா நடுச் சேத்துல இன்ஜின் பவரை அதுவே குறைச்சு வண்டியை நிப்பாட்டிடும். ஒரே சீரா ஆக்சிலேட்டர். வேகம் குறையும்போது ஸ்டியரிங்கை இடமும் வலமும் கால் சுத்து ஆட்டினா, டயரோட ஓரப் பட்டன் புதுக் களியைப் பிடிக்கும். முன்னேற்றம் நின்ன அந்த நொடியே காலை எடுங்க. நின்ன இடத்துல சுத்துற ஒவ்வொரு சுத்தும் வண்டியைக் கீழதான் இறக்கும். ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்துலயே பின்னாடி வாங்க, அது ஏற்கனவே அமுங்கின தளம்.

சிக்கினா முதல் கருவி மண்வெட்டிதான், வின்ச் அதுக்கப்புறம். ஹப் (சக்கரத்தோட நடு) அளவு புதைஞ்ச வண்டியை இழுக்க ஏறக்குறைய வண்டி எடைக்குச் சமமான இழுவை வேணும். மட்கார்டு வரைக்கும் போயிட்டா ரெண்டு மடங்கு. சாமானும் ஆளும் சேர்ந்த தார் ரெண்டு டன்னுன்னு வச்சா, நாலு டன் இழுவை. உங்க 9,500 பவுண்டு வின்ச், கயிறு பூரா வெளிய போய் டிரம்ல அடி அடுக்கு மட்டும் மிஞ்சும்போதுதான் 4.3 டன் இழுக்கும். கயிறு டிரம்ல அடுக்கடுக்கா இருக்க இருக்க பலம் குறையும். அதனால சக்கரத்துக்கு முன்னாடியும் அடிவயித்துலயும் மண்ணை வெட்டி எடுங்க, சக்கரத்துக்கு அடியில ரெக்கவரி போர்டு (பிடிப்புக் கொடுக்கிற பலகை) செருகுங்க, பிறகு இழுங்க. அப்பவும் பத்தலைன்னா ஸ்னாட்ச் பிளாக் (கப்பி) போட்டுக் கயிறை ரெட்டையாக்குங்க, வேகம் பாதியாகும், இழுவை ரெட்டிக்கும். ஜாக்கி வைக்கணும்னா அடியில ஒன்றரை அடி சதுரத்துல 18 மில்லிமீட்டர் பிளைவுட் போடுங்க, இல்லேன்னா வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

வின்ச்சுக்குப் பனைமரத்தைப் பிடிக்காதீங்க. கம்பிக்கயிறு அறுத்த காயத்துல நோய் ஏறினா மரம் போகும். இன்னொரு வண்டியை நங்கூரமா நிறுத்துங்க, சக்கரத்துக்கு அண்டை கொடுத்து.

இன்னொரு வண்டியால வெட்டி இழுக்கிறதா இருந்தா கைனடிக் ரோப் (இழுபட்டு நீளுற கயிறு) மட்டும். 22 மில்லிமீட்டர், 9 மீட்டர் உங்க வண்டிகளுக்குப் போதும். ஒரு மீட்டர் தொய்வு விட்டு மெதுவா எடுக்கணும். மாட்டுற இடம் சேஸிஸ்ல போல்ட் அடிச்ச ரெக்கவரி பாயிண்டா இருக்கணும். டிரெய்லர் மாட்டுற உருண்டையில மாட்டவே கூடாது. அது முறிஞ்சா கயிறோட இழுவிசை பூரா அந்த இரும்புல ஏறி, கண்ணாடியைப் பிளந்துக்கிட்டு உள்ள இருக்கிற ஆளு மேல பாயும். கயிறை மாட்டுற ஷேக்கிள் (பின் போட்ட இரும்பு வளையம்) 4.75 டன், முக்கால் இஞ்சு. பின்னை முழுசா இறுக்கிட்டுக் கால் சுத்து தளர்த்துங்க. கயிறு மேல நனைஞ்ச சாக்கு ஒண்ணு தொங்கணும், கயிறு நீளத்துக்கு ஒன்றரை மடங்கு தூரத்துக்குள்ள யாரும் நிக்கக் கூடாது. வேடிக்கை பார்க்கப் பிள்ளைங்க ஓடி வரும். அவங்களைத் தள்ளி நிறுத்துறதுக்குன்னே ஒரு ஆளை ஒதுக்குங்க.

அடம்பங்கொடி:
தனுஷ்கோடியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது, மணலில் இறங்க வேண்டிய தேவையே இல்லை. சாலைக்கு அப்பால் கிடக்கும் சேற்றுப்பரப்பும் மணல்திட்டும் வெறும் நிலம் அல்ல. பூநாரைகள் வந்து மேயும் இடம் என்பதால் 2025 ஜூனில் அங்கே சுமார் 524 ஹெக்டேரைப் பூநாரைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அந்தச் சேற்றின் மேல் சில அங்குலத்தில் இருக்கும் புழுவும் சிறு இறாலும்தான் அவற்றின் இரை. சக்கரம் அமுக்கிய தடத்தில் களி இறுகி, காற்று புகாமல் அந்த உயிர்கள் செத்துவிடும்.

ஆண்கடல் (மன்னார் வளைகுடா) கரையில் ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமை முட்டையிட ஏறும். ஒன்றரை அடி ஆழக் குழியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும், மேலே மணலை மூடிவிட்டுப் போய்விடும். 45 முதல் 60 நாளில் பொரிந்து வெளியே வரும் குஞ்சு உள்ளங்கையில் பாதிகூட இருக்காது. அதற்குச் சக்கரத்தடம் ஒரு பள்ளத்தாக்கு. கடலைப் பார்த்து நேராக ஓட வேண்டியது, தடத்துக்குள் விழுந்து அதன் வழியே பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். விடிந்தால் காகம், நாய், வெயில்.

மணல்மேட்டில் படர்ந்திருக்கும் அடம்பங்கொடியையும் இராவணன் மீசையையும் கிட்டப் போய்ப் பாருங்கள். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கியிருக்கும், அந்த வேர்தான் கச்சான் காற்றில் மணல் பறக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. டயர் ஏறினால் கணு நசுங்கி, அந்தப் பிடிப்பு போய்விடும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மணல்மேடு, ஆமை முட்டையிடும் கரை, அலையாத்திக் காடு, உப்புச் சதுப்பு எல்லாம் உச்சப் பாதுகாப்புள்ள முதல் வகையில் வருகின்றன. உப்பூரான் சொன்ன தரவையில் உமரி என்னும் உப்புநிலச் செடி படர்ந்த பகுதியும் அதில் அடங்கும்.

காரங்காடு பக்கம் அலையாத்தி பார்க்க வேண்டுமானால் வண்டியைச் சாலையில் விட்டுவிட்டுப் படகில் போங்கள். மரத்தைச் சுற்றிச் சேற்றில் பென்சில் நட்டது போல் நிற்பவை அதன் மூச்சுவேர்கள். அவை ஒடிந்தால் மரம் மூச்சுத் திணறும்.

வைகைக்கரை ஜீப்:
மூணு இடத்தையும் விட்டாச்சு. அண்ணே, அப்ப உள்பக்கமா ஏதாவது பட்டா நிலம் கிடைக்குமா? எதைப் பார்த்துக் கேக்கணும்?

உப்பூரான்:
கிடைக்கும் தம்பி. கடல்ல இருந்து தள்ளி, தரிசாக் கிடக்குற பட்டா நிலமாப் பாருங்க. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போட்டு முடிச்ச நிலம்னா நல்லது. சர்வே எண்ணை வாங்கி, அரசு இணையதளத்துல பட்டாவும் அ பதிவேடும் (நிலத்தோட வகை எழுதியிருக்கிற கிராமக் கணக்கு) எடுத்துப் பாருங்க. நீர்நிலைப் புறம்போக்கு, மேய்க்கால், ஓடைன்னு இருந்தா யாரு சரின்னு சொன்னாலும் வேண்டாம். கூட்டுப் பட்டான்னா எல்லாப் பங்காளியும் ஒத்துக்கணும். தேதி, வண்டி எண்ணிக்கை, போற வழி எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்க. ஊர்த்தலைவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, ராத்திரி வெளிச்சம் அடிச்சா சனங்க பயந்துக்குவாங்க.

சவுடு மண் எடுத்த பட்டாப் பள்ளத்தை யாராவது காட்டுவாங்க. சரிவா இறங்குற பள்ளமா இருந்தா ஓட்டலாம். ஜேசிபி வெட்டின சுவர் செங்குத்தா நிக்கிற பள்ளத்துல இறங்காதீங்க, நனைஞ்ச சுவர் சரியும். தண்ணி நின்னா ஆள் நடந்து ஆழம் பார்க்கணும். தாருக்கு 650 மில்லிமீட்டர்தான் கணக்கு. ஜிம்னியும் ஜிப்ஸியும் முட்டியளவுத் தண்ணிக்கே வேண்டாம்.

சேறு போதலைன்னு டேங்கர் தண்ணி வாங்கி ஊத்தாதீங்க. 30 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலத்துக்கு அரை அடி தண்ணி நிக்கணும்னாலே இருபதாயிரம் லிட்டருக்கு மேல ஆகும். குடம் வச்சு வரிசையில நிக்கிற ஊர்ல அது அநியாயம். போர் தண்ணி உவரு, நிலத்தைக் களராக்கிடும். மழை விட்டு மூணாம் நாள் வந்தாப் போதும், சேறு தானா பதமா இருக்கும்.

தடம் ஒண்ணே ஒண்ணுதான் போடணும், அஞ்சு வண்டியும் அதுலயே போகணும். முடிச்சிட்டு அப்படியே கிளம்பாதீங்க. மண் பொலபொலன்னு காயுறப்போ ரொட்டவேட்டர் அடிச்சுச் சமப்படுத்த, டிராக்டர் கூலியை நிலத்துக்காரர்கிட்ட முன்கூட்டியே கொடுத்துடுங்க. ஈரத்துலயே உழுதா கட்டிதான் மிஞ்சும்.

வின்ச் வயர்:
வண்டி கழுவுறதைச் சேர்த்துக்கிறேன். ஊருணியிலயோ கண்மாய்ப் படித்துறையிலயோ கழுவவே கூடாது. ஊருணி குடிக்கிற தண்ணி, டிஃபரென்ஷியல்ல ஒட்டியிருக்கிற கிரீஸும் ஆயிலும் அதுல கலக்கும். ராமநாதபுரம் வந்து வாட்டர் சர்வீஸ்ல விடுங்க, அன்னைக்கே. உப்புக்களி ராத்திரி காய்ஞ்சா சேஸிஸ் இடுக்குல இருந்து தட்டித்தான் எடுக்கணும்.

ரேடியேட்டர்ல பிரஷர் துப்பாக்கி பிடிக்காதீங்க, ஃபின் மடங்கும். சாதா பைப்பு, உள்பக்கம் இருந்து வெளிய. ரிம்முக்கு உள்பக்கம் ஒட்டின களியை விரலால நோண்டி எடுங்க, ஒரு கைப்பிடி ஒட்டியிருந்தாலே 60 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டியரிங் உதறும். மறுநாள் டிஃபரென்ஷியல் ஆயில் பிளக்கைத் தளர்த்திப் பாருங்க. பால் கலந்த டீ நிறத்துல இருந்தா பிரீதர் (காத்து போக வர்ற சின்னக் குழாய்) வழியா தண்ணி போயிருக்கு, ஆயிலை மாத்திட்டுத்தான் மதுரைக்குக் கிளம்பணும்.